தென்காசி மொட்டை மாடியில் ஐரோப்பிய வௌவால் எப்படி வந்தது?

கேள்வி இதுதான். தென்காசிப் பக்கம் இருக்கும் ஒருவர், போனில் செருகும் மீயொலி மைக் (மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியைப் பதிவது) ஒன்று வாங்கியிருக்கிறார். அதற்கான செயலி வௌவாலின் ஒலியைப் பதிந்து, இனத்தின் பெயரையும் தானே சொல்லும். முதல் வாரத்திலேயே மூன்று தொல்லைகள். மொட்டை மாடியில் பதிந்தால் ஐரோப்பிய இனங்களின் பெயர்கள் வருகின்றன. பாதிப் பதிவுகளுக்கு "அடையாளம் இல்லை" என்ற பதில்தான். ஊர்க் கோயில் மண்டபத்தில் கண்ணெதிரே பெருங்கூட்டமாகப் பறக்கும் சிறிய வௌவால்களோ பதிவில் விழவே இல்லை. மைக் பழுதா, செயலி பழுதா, தான் செய்வதில் தப்பா என்று கேட்கிறார்.

மைக் அநேகமாக நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று தொல்லைக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள். மண்டபத்து விஷயம்தான் மூன்றிலும் சுவையானது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பெயர்கள். செயலிக்குள் இருக்கும் அடையாள நிரல், ஏதோ ஒரு பகுதியில் பிடித்து, பெயர் உறுதி செய்து, விட்டுவிட்ட வௌவால்களின் ஒலிகளைக் கொண்டு பழக்கப்படுத்தப்பட்டது. ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் அப்படிப்பட்ட ஒலித்தொகுப்புகள் பெரிய அளவில் உண்டு. இந்தியாவில் 120-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் இருக்கின்றன, ஆனால் நான் பயன்படுத்திப் பார்த்த எந்தச் செயலியிலும் அவற்றுக்கான பட்டியல் இருந்ததில்லை. பட்டியலில் இல்லாத வௌவால் ஒன்று பறந்து போனால் நிரல் என்ன செய்யும்? "இது எனக்குத் தெரியாத இனம்" என்று சொல்லும் வழி அதற்குப் பெரும்பாலும் கிடையாது. தனக்குத் தெரிந்த பெயர்களில் எது கிட்ட வருகிறதோ அதை எடுத்து ஒட்டிவிடும்.

எது கிட்ட வருகிறது என்று பார்த்தால் உங்கள் பட்டியல் முழுக்கப் புரிந்துவிடும். ஐரோப்பாவின் சாதாரண பிபிஸ்ட்ரெல் சுமார் 45 கிலோஹெர்ட்ஸில் கத்தும். நம் ஊர்த் தெருவிளக்கைச் சுற்றிப் பூச்சி பிடிக்கும் குட்டி பிபிஸ்ட்ரெல் இனங்களின் ஒலியும் கிட்டத்தட்ட அந்த மட்டத்தில்தான் முடிகிறது. அதனால் அந்தப் பெயர். ஐரோப்பாவின் நாக்டியூல் வௌவால் 20-லிருந்து 25 வரை. நம் பாறைகளிலும் கோபுரங்களிலும் ஒண்டியிருக்கும் கல்லறை வௌவால்களும், அதாவது டாஃபோசஸ் இனங்களும், 25-ஐ ஒட்டித்தான் கத்துகின்றன. அதனால் அந்தப் பெயர். இங்கிலாந்தின் பெரிய குதிரைலாட வௌவால் 80-ஐச் சற்றுத் தாண்டி ஒரே சுருதியில் ஒலிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ரைனோலோஃபஸ் ரூக்ஸி என்ற குதிரைலாட வௌவாலும் ஏறக்குறைய அதே சுருதி. குற்றாலம் பக்கம் இதைப் பதிந்தால் செயலி தயக்கமே இல்லாமல், மிக உயர்ந்த நம்பிக்கை மதிப்பெண்ணோடு, இங்கிலாந்துப் பெயரைச் சொல்லும்.

இந்த மதிப்பெண்தான் பலரையும் ஏமாற்றுகிறது. திரையில் பெரிய சதவீதம் வந்தால், சொன்ன பெயர் சரி என்பதற்கான உறுதி அது என்று நினைத்துவிடுகிறோம். தன் பட்டியலில் உள்ள மற்ற பெயர்களைவிட இந்தப் பெயர் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. பட்டியலே வேறு கண்டத்துக்கானது என்றால் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆகவே அமைப்புகளுக்குள் போய் எந்தப் பகுதி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். சில செயலிகள் ஜிபிஎஸ் பார்த்துப் பகுதியைத் தாமே எடுத்துக்கொள்ளும். இட அனுமதி மறுக்கப்பட்டிருந்தால், நிறுவும்போது இருந்த பகுதியிலேயே நின்றுவிடும். உங்கள் பகுதிக்குப் பட்டியல் இல்லை என்றால் தானியங்கி அடையாளத்தை அணைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அணைக்க மனம் வரவில்லையா, சரி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை "குதிரைலாட வகை", "பிபிஸ்ட்ரெல் போன்றது" என்ற அளவுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெயர்களை அப்படியே இணையத் தரவுத்தளங்களில் ஏற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நாளை தென்காசி மாவட்டத்து வௌவால்களைப் பற்றித் தேடும் ஒரு மாணவர், இங்கே இல்லாத இனம் இருப்பதாகப் படித்துவிட்டு வாரக்கணக்கில் அலைவார். "வௌவால், இனம் தெரியவில்லை" என்று ஏற்றினால் அது நேர்மையான, பயன்படும் பதிவு.

இரண்டாவது, "அடையாளம் இல்லை". இதற்குப் பெரும்பாலும் பதிவின் தரம்தான் காரணம். அதற்கும் முன்னால் ஓர் அடிப்படைச் சோதனை இருக்கிறது: உங்கள் போன் உண்மையிலேயே வெளி மைக்கிலிருந்துதான் பதிகிறதா? போனின் சொந்த மைக் ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளக்கும், ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. அதில் பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் அதனால் பதிய முடியும். வௌவால் ஒலியில் பெரும்பங்கு அதற்கு மேலே. வெளி மைக் சரியாக இணையவில்லை என்றால் சில செயலிகள் சத்தமில்லாமல் உள் மைக்குக்கு மாறிவிடுகின்றன. ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது ஒலியின் அதிர்வெண் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் படத்தை, திறந்துவைத்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், அல்லது விரல்களை உரசுங்கள். இரண்டிலும் மீயொலி உண்டு. 24-க்கு மேலே எழும்பிப் படம் வந்தால் மைக் வேலை செய்கிறது. 24-ல் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் உள் மைக் ஓடுகிறது.

அப்படி நின்றால் முதலில் போன் உறையைக் கழற்றிப் பாருங்கள். தடித்த உறை இருந்தால் மைக்கின் முனை முழுதாக உள்ளே போகாது. என் முதல் மாதம் முழுக்க இந்த ஒரு காரணத்தால் வீணாய்ப்போனது. அப்புறம் ஓடிஜி, அதாவது போனில் வெளிக் கருவிகளைச் செருகிப் பயன்படுத்தும் வசதி. சில போன்களில் ஓடிஜி இணைப்பைத் தனியாக இயக்க வேண்டும், பத்து நிமிடம் பயன்படுத்தாமல் விட்டால் அதுவே அணைந்தும் போகும். மின்கலச் சேமிப்பு வசதி பின்னணியில் செயலியை மூடிவிடுவதும் உண்டு, அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிடுங்கள். இடமும் பாருங்கள். வினாடிக்கு 2,56,000 மாதிரிகள் என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 30 எம்பி ஆகும். போன் நிறைந்ததும் பதிவு பாதியில் அறுந்துவிடும், அறுந்த கோப்பை நிரலால் படிக்க முடியாது.

மைக் சரி என்றால் அடுத்தது இரைச்சல். மொட்டை மாடியில் நமக்கு அமைதியாகத் தோன்றும் நேரத்தில்கூட மீயொலியில் சந்தைக்கடைதான். பச்சை வெட்டுக்கிளி வகைகள் பலவும் 15-க்கு மேல் வௌவால்களின் எல்லைக்குள்ளேயே ஒலிக்கின்றன. மழைக்காலம் முடிந்து செடி கொடி தழைத்திருக்கும் மாதங்களில் இதுதான் பெரிய தலைவலி. எல்இடி விளக்கின் மின்சுற்று, இன்வெர்ட்டர், மலிவான சார்ஜர் எல்லாமே ஸ்பெக்ட்ரோகிராமில் நேர்க்கோடு போடும். போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே பதியாதீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எலி விரட்டும் மீயொலிக் கருவி செருகியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருக்கலாம். அது எழுப்பும் ஒலியை வௌவால் என்று எடுத்துக்கொண்டு செயலி இரவு முழுக்கப் பெயர் சொல்லிக்கொண்டே இருக்கும். கார்களின் பின்பக்க உணரிகளும் 40-ஐ ஒட்டித் துடிப்புத் துடிப்பாக ஒலிப்பவை. தெருவில் யாராவது வண்டியைப் பின்னால் எடுத்தால் அதற்கும் ஒரு பெயர் கிடைக்கும்.

இவற்றைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம். வெட்டுக்கிளி ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரே தாளத்தில் நிமிடக்கணக்கில் ஒலிக்கும், மின்கருவி இரவு முழுக்க. வௌவால் வரும், போகும். துடிப்புகள் மங்கலாகத் தொடங்கி, நெருங்க நெருங்க அழுத்தமாகி, சில வினாடிகளில் மங்கி மறையும். நடுவில் பூச்சியைத் துரத்தினால் துடிப்புகள் நெருங்கி நெருங்கி ஒரு ரீங்காரமாக முடியும். அந்த ரீங்காரத்தைத் திரையில் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், இருட்டில் ஒரு பூச்சி பிடிபட்ட கணத்தை நேரில் கண்டதுபோல் இருக்கிறது எனக்கு. ஆனால் இனம் காணும் நிரலுக்கு அந்தப் பகுதி உதவாது. பல இனங்களின் ரீங்காரமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பதிவில் ரீங்காரம் மட்டுமே இருந்தால் "அடையாளம் இல்லை" என்பதுதான் சரியான பதில்.

சுவருக்கு அருகில் நின்றாலும் இதே கதிதான். கைப்பிடிச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மூல ஒலியோடு கலந்து, ஒரு துடிப்பு இரண்டு மூன்றாகப் பிசிறும். மைக்கைக் கை நீட்டி வெளியே பிடித்து வானத்தை நோக்கிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தைவிட வௌவாலின் பாதைதான் முக்கியம். மரங்களுக்கு நடுவே புகுந்து போகும்போது அது துடிப்பைச் சுருக்கி, செங்குத்தாக்கிக் கத்தும். அதே வௌவால் குளத்துக்கு மேலே திறந்த வெளியில் நீட்டி, படுக்கையாகக் கத்தும். நிரல்கள் பெரும்பாலும் திறந்த வெளி ஒலிகளைத்தான் நன்றாக அறிந்தவை. கண்மாய்க்கரை, வயல் ஓரம், மைதானம் போன்ற இடங்களில் பதிந்தால் "அடையாளம் இல்லை" வெகுவாகக் குறையும். ஒலி அதிகமாகிப் பதிவு முறிவதும் உண்டு. அலைவடிவத்தின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் உள்வாங்கும் அளவைக் குறையுங்கள்.

ஒரே பதிவில் இரண்டு மூன்று வௌவால்கள் இருந்தாலும் நிரல் குழம்பும். மதுரையில் ஒருகாலத்தில் செய்த ஓர் ஆய்வைச் சொன்னால்தான் எந்த அளவுக்குக் குழம்பும் என்று புரியும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் வௌவால் ஆராய்ச்சியை வளர்த்த காலம். ஜெர்மனியிலிருந்து வௌவால் ஆய்வாளர் நோய்வைலரின் குழுவும் அங்கே வந்து வேலை செய்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த ஹாபர்செட்சர் 1981-ல் எலிவால் வௌவாலைப் பற்றி, அதாவது ரைனோபோமா ஹார்ட்விக்கியைப் பற்றி, எழுதினார். தனியாகப் பறக்கும்போது அது 32.5 கிலோஹெர்ட்ஸில் கத்துகிறது. கூட்டமாகப் பறக்கும்போதோ 30, 32.5, 35 என்று மூன்று மட்டங்களாகப் பிரிந்துகொள்கின்றன, ஒன்றின் எதிரொலி இன்னொன்றுக்குக் குறுக்கே வராதபடி. ஒரே இனம்தான், ஒரே இரவுதான். செயலியிடம் கொடுத்தால் மூன்று பெயர்கூடச் சொல்லும். "ஒரே இரவில் ஐந்து இனம்" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது இந்த எலிவால்கள்தான்.

எலிவால், கல்லறை வௌவால் இரண்டிலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இவற்றின் ஒலி ஏணிப்படிபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோடுகளாக வரும். இரண்டாவது படிதான் அழுத்தமானது. நாம் "இந்த வௌவால் 32-ல் கத்தும்" என்று சொல்வது அந்த இரண்டாவது படியைத்தான். மிக அருகில் பறக்கும்போது முதல் படியும் மூன்றாவதும்கூடத் தெளிவாகப் பதியும். நிரல் தவறான படியைப் பிடித்துக்கொண்டால் பாதி அதிர்வெண்ணிலோ ஒன்றரை மடங்கிலோ கணக்குப் போட்டு, வேறு குடும்பத்துக்கே போய்விடும். கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சமமாக இருந்தால் அது ஒரே வௌவாலின் படிகள்தான்.

இப்போது மண்டபம். கண்ணெதிரே கூட்டமாகப் பறக்கிறது, பதிவில் ஒன்றுமில்லை என்கிறீர்கள். எந்த வௌவால் என்று முதலில் பார்க்க வேண்டும். பழந்தின்னி வௌவால்கள் என்றால் கருவியில் எதிர்பார்க்கவே வேண்டாம். ஆலமரத்தில் தொங்கும் பெரியவையும், வாழைக்கும் நுணாவுக்கும் வரும் குட்டைமூக்கு வௌவாலும் எதிரொலிக்காகத் தொண்டையால் மீயொலி எழுப்புவதில்லை. பெரிய கண்ணாலும் மோப்பத்தாலும் வழி காண்கின்றன. நம் மலைகளுக்கே உரிய சலீம் அலி பழந்தின்னி வௌவாலும் அப்படியே. 1948-ல் மேகமலையில் பிடித்து, வேறோர் இனம் என்று பெயரிட்டு அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். 1972-ல்தான் அது புதிய இனம் என்று தெரியவந்தது. எவ்வளவு விலை உயர்ந்த மைக் வைத்திருந்தாலும் அது உங்கள் தலைக்கு மேலே போவது தெரியாது. பழந்தின்னிகளில் ரூசெட்டஸ் மட்டும் விதிவிலக்கு. இருண்ட குகைகளிலும் மண்டபங்களிலும் தங்கும் அது நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கிறது.

உங்கள் மண்டபத்தில் இருப்பது பெரிய காதுகளோடு, சாம்பல் நிறத்தில், தரையில் தவளைக் கால்களையும் பல்லி வாலையும் சிதறிவைக்கும் வௌவால் என்றால், அது மெகாடெர்மா லைரா. இரை நகரும் சலசலப்பைக் காதால் கேட்டே பிடிக்கக்கூடியது. அதன் மீயொலி வெறும் கிசுகிசுப்பு. இரண்டு மூன்று மீட்டருக்குள் வந்தால்தான் பதியும்.

ஆனால் நீங்கள் சொல்வது சிறிய வௌவால், கூட்டம் பெரிது. அப்படியென்றால் இலைமூக்கு வௌவாலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதில்தான் சுவாரசியமே. அதே மதுரை ஆய்வுகளில் ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ் என்ற இலைமூக்கு இனம் 127-லிருந்து 138 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், பைகலர் என்று அப்போது குறித்த இன்னோர் இனம் 150-ஐ ஒட்டியும் கத்துவதாகக் கண்டார்கள். உங்கள் மைக் வினாடிக்கு 2,56,000 மாதிரிகள் எடுப்பது என்றால் அதன் எல்லை 128. வௌவால் கத்துவது எல்லைக்கு வெளியே! எல்லைக்கு மேற்பட்ட ஒலியைத் தடுக்கும் நல்ல வடிப்பான் உள்ள மைக் அந்த ஒலியை முழுதாக விழுங்கிவிடும், பதிவில் ஒன்றும் இருக்காது. வடிப்பான் சுமாராக இருந்தால் ஒலி எல்லைக்கோட்டில் மடிந்து கீழே வந்து விழும். 256-லிருந்து 135-ஐக் கழித்தால் 121. ஆக 135-ல் கத்தும் வௌவால் 121-ல் ஒரு மங்கலான கோடாகத் தெரியும், நிரல் அதை வேறு ஏதோ என்று எடுத்துக்கொள்ளும்.

மாதிரி வேகத்தை 3,84,000-க்கு ஏற்ற முடியுமானால் ஏற்றுங்கள், எல்லை 192 ஆகிவிடும். சில மைக்குகளில் இது செயலி அமைப்பில் ஒளிந்திருக்கும், சிலவற்றில் உயர்ந்த மாடல் வாங்கினால்தான் கிடைக்கும். அதோடு "அதிகபட்ச அதிர்வெண்" என்ற வரம்பு தனியாக இருந்தால் அதையும் உயர்த்துங்கள். பல செயலிகளில் அது 100 அல்லது 120 என்று இருப்பதால், எல்லாம் சரியாக இருந்தும் பதிவு தூண்டப்படாது. பக்கத்தில் நில்லுங்கள். 130-க்கு மேற்பட்ட ஒலியைக் காற்று மிக வேகமாகக் கரைத்துவிடும், சில மீட்டர் தாண்டினால் மைக்குக்கு எட்டாது. ஆனால் மண்டபத்துக்குள்ளே போகாதீர்கள், டார்ச் அடித்து எழுப்பாதீர்கள். அந்தி சாயும் நேரத்தில் வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றால் அவையே உங்களைக் கடந்து போகும். கீழே விழுந்து கிடப்பதைக் கையால் தொடவும் வேண்டாம். பிடித்துப் பார்ப்பது வனத்துறை அனுமதியோடு, தடுப்பூசி போட்டுக்கொண்ட ஆராய்ச்சியாளர்கள் செய்ய வேண்டிய வேலை.

பெயர் வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதற்கு வழி கையால் அளப்பதுதான், பயப்படும்படி ஒன்றுமில்லை. நல்ல பதிவில் அழுத்தமான நாலைந்து துடிப்புகளை எடுத்து, ஒலி எந்த அதிர்வெண்ணில் உச்சமாக இருக்கிறது, துடிப்பு எத்தனை மில்லிவினாடி நீள்கிறது, அடுத்த துடிப்புக்கு எவ்வளவு இடைவெளி, வடிவம் என்ன என்று குறியுங்கள். நீளமான தட்டைக் கோடு, ஓரங்களில் மட்டும் சின்ன வளைவு என்றால் குதிரைலாடம். அதே தட்டைக் கோடு மிகக் குட்டையாக, முடிவில் சரிந்தால் இலைமூக்கு. மேலிருந்து சரேலென இறங்கி அடியில் வந்ததும் படுக்கையாக வளைந்தால் பிபிஸ்ட்ரெல் குடும்பம். ஏணிப்படி என்றால் கல்லறை வௌவாலோ எலிவாலோ. இந்த அளவுக்கு ஒரே வாரத்தில் கண் பழகிவிடும், எந்தச் செயலியும் தேவைப்படாது.

குடும்பத்திலிருந்து இனத்துக்குப் போக நம் பகுதி அளவுகள் வேண்டும். வால்பாறைப் பக்கம் வேலை செய்த கிளேர் வேர்ட்லி, திவ்யா முடப்பா முதலியோர் தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலை வௌவால்களின் ஒலி அளவுகளை 2014-ல் வெளியிட்டார்கள். உங்கள் ஊருக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது, தேடிப் படியுங்கள். ஒலியின் துல்லியம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரூக்ஸியே சாட்சி. தென்னிந்தியாவில் ஒரு கூட்டம் 80-ஐ ஒட்டியும் இன்னொரு கூட்டம் 90-ஐ ஒட்டியும் கத்துவதைக் கவனித்து, மரபணுவையும் பார்த்து, இரண்டாவதை ரைனோலோஃபஸ் இந்தோரூக்ஸி என்ற தனி இனமாக 2012-ல் பிரித்தார்கள். குற்றாலத்தில் பதியும்போது 80-ஆ 90-ஆ என்று பார்ப்பது உங்கள் போனிலேயே முடிகிற காரியம்.

பதிவை யாரிடமாவது காட்டிக் கேட்கப் போகிறீர்கள் என்றால், வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பை ஆவணமாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினாலோ எம்பி3 ஆக்கினாலோ மீயொலி முழுக்க வெட்டுப்பட்டுப் போகும், மிஞ்சுவது சில்வண்டுச் சத்தம் மட்டும்தான். நேரம், இடம், திறந்த வெளியா மரநிழலா, மழை பெய்ததா என்பதைக் கோப்போடு எழுதி வையுங்கள்.

இன்றைக்கு ஒன்றே ஒன்று செய்து பார்க்க நேரம் இருந்தால், புதிதாகப் பதிய வேண்டாம். மண்டபத்தில் ஏற்கெனவே பதிந்து, ஒன்றுமில்லை என்று ஒதுக்கிய கோப்புகளைத் திறந்து 118-க்கும் 128-க்கும் நடுவே பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே குட்டிக் குட்டியாகத் தட்டைக் கோடுகள் தெரிந்து, அவற்றின் வால் கீழே சரியாமல் மேல்நோக்கி வளைந்திருந்தால், அது மடிந்து விழுந்த ஒலி. மடியும்போது தலைகீழாகிவிடும் என்பதால் வாலும் திரும்பிக்கொள்கிறது. அப்படியென்றால் உங்கள் இலைமூக்கு வௌவால்கள் முதல் நாளிலிருந்தே பதிவில் இருக்கின்றன.